ஒரு ஓட்டு பாக்கி

கழுவிய எதையும் கீழே வைப்பதற்கு முன்னால் வெளிச்சத்துக்கு நேராகத் தூக்கிப் பிடிப்பார் அப்பா. இடது கண்ணை மூடிக்கொள்வார். "பாக்கலாம்" என்பார். பக்கத்தில் நிற்பவரிடம் அல்ல, கையில் இருக்கும் பொருளிடம்.

அவர் ஒரு மேல்நிலைப் பள்ளியின் வேதியியல் ஆய்வகத்தில் உதவியாளர். சோதனைக் குழாயில் ஒரு பொட்டுக் கறை தங்கினாலும், மறுநாள் பிள்ளைகளுக்கு வெள்ளையாக வர வேண்டியது மஞ்சளாக வந்து தொலைக்கும். ஆகவே அங்கே அந்தப் பழக்கத்துக்கு ஒரு நியாயம் இருந்தது. வீட்டில் எவர்சில்வர் தம்ளரையும் அதேபோல் ஜன்னலுக்கு நேராகப் பிடிப்பதில் என்ன நியாயம் என்பதுதான் மகளுக்குச் சின்ன வயதிலிருந்தே விளங்கவில்லை.

"ஸ்டீலுக்குள்ள என்னத்தத் தேடுறீங்க? அந்தப் பக்கம் நான் நிக்கிறதுகூடத் தெரியாது" என்பாள் அம்மா. அவள் ஒரு ரொட்டிக் கடையில் பாக்கெட் போடுகிறவள். நாள் முழுக்க வாடிக்கையாளர்களிடம் அடக்கி வைத்த வாயை வீட்டுக்கு வந்துதான் திறப்பாள்.

"பழக்கம்."

"அப்படின்னா என்னையும் ஒரு தடவை தூக்கிப் பிடிச்சுப் பாருங்க."

"அதுக்கு ரெண்டு ஆள் வேணும்" என்று சொல்லிவிட்டு அப்பா தம்ளரைக் கவிழ்த்து வைப்பார்.

பொருளிடம் சொன்னதோடு நின்றிருந்தால் பரவாயில்லை. மனிதர்களுக்கும் அதே சொல்தான். சைக்கிள் வேண்டும் என்று மகள் கேட்டாள், "பாக்கலாம்" என்றார், சைக்கிள் வந்தது. பள்ளிச் சுற்றுலாவுக்குப் போகட்டுமா என்று கேட்டாள், "பாக்கலாம்" என்றார். பேருந்து அவளை விட்டுவிட்டுப் போயிற்று. சரி என்பதற்கும் அதுதான், முடியாது என்பதற்கும் அதுதான், நீ கேட்டதே காதில் விழவில்லை என்பதற்கும் அதுதான். கேட்ட நேரத்தில் கையில் ஈரப் பாத்திரம் ஏதாவது இருந்துவிட்டால், பதில் தனக்கா பாத்திரத்துக்கா என்ற சந்தேகமும் சேர்ந்துகொள்ளும்.

மாணவர் மன்றம் அவர் தலையில் விழுந்த கதையும் இப்படி ஒரு சொல்லில் தொடங்கியதுதான். பள்ளியில் நீள மேசையும் போதுமான ஸ்டூல்களும் இருந்த ஒரே இடம் ஆய்வகம். வெள்ளிக்கிழமை கடைசி மணிக்கு மன்றம் அங்கேதான் கூடும். பிள்ளைகளோடு பெரியவர் ஒருவர் இருந்தே ஆக வேண்டும் என்பது விதி. அந்தப் பொறுப்பில் இருந்த வேதியியல் ஆசிரியர் மாற்றலாகிப் போனதும் தலைமை ஆசிரியை அப்பாவைக் கூப்பிட்டு, "வேற ஆள் வர்ற வரைக்கும் மன்றத்தை நீங்க பாத்துக்கோங்க" என்றார்.

வேறு ஆட்கள் வந்தார்கள், போனார்கள். யாரும் அதைத் திருப்பி வாங்கிக்கொள்ளவில்லை. "பாத்துக்கோங்கன்னாங்க. பாத்துக்கிட்டு இருக்கேன்" என்பார் அப்பா. உண்மையிலேயே அதைத்தான் செய்தார். தொட்டியருகே நின்று பிரஷால் குழாய்களைத் தேய்த்தபடி பார்த்துக்கொண்டிருந்தார். குறுக்கே பேச மாட்டார், அதட்ட மாட்டார். பிள்ளைகள் மேசையைத் தட்டிச் சண்டை போட்டால், ஓரத்தில் இருக்கும் அமில பாட்டிலை மட்டும் எடுத்து அலமாரியில் வைப்பார்.

"பாத்துக்கோ" என்றால் பொறுப்பேற்று நடத்து என்று அர்த்தம். அது தெரியாமல் வெறுமனே பார்த்துக்கொண்டு நின்றாரா, தெரிந்தே நின்றாரா? பின்னாளில் கல்லூரி விடுதியில் படுத்துக்கொண்டு மகள் இதை எத்தனையோ முறை யோசித்தாள். இரண்டுக்கும் சாட்சி இருந்தது.

வெள்ளிக்கிழமை சாப்பாட்டின்போது மன்றத்துக் கதை நடக்கும். அப்போது மட்டும் அப்பாவுக்கு வாய் திறக்கும். முணுமுணுப்பு என்று ஒரு பையன். பேசினால் சட்டைக் காலருக்கு மட்டும்தான் கேட்கும். அவன் ஒரு நாள் ஸ்டூல்மேல் ஏறி நின்று பேசினான். வருஷக் கடைசியில் அவனே இன்னொருத்தியைப் பார்த்து, "கொஞ்சம் சத்தமாப் பேசேன், காதுல விழல" என்றானாம். அப்புறம் ஜட்ஜம்மா. வாயைத் திறந்தால் "விதிப்படி" என்றுதான் தொடங்குவாள். சொந்தக் கூட்டமே அவளுக்கு எதிராகக் கை தூக்கிய அன்று தொட்டிக்குக் கீழே உட்கார்ந்து அழுதிருக்கிறாள். அடுத்த கூட்டத்துக்கு வந்தவள் பக்கத்தில் இருந்த சின்னப் பையனிடம் முதல் பேச்சாக, "நீ என்ன நினைக்கிற?" என்று கேட்டாளாம்.

"நடுவுல என்னப்பா ஆச்சு?"

"அதான் தெரியல. போன வாரம் ஒருத்தி வெளியே போனா. இந்த வாரம் வேற ஒருத்தி உள்ள வர்றா. முகம் மட்டும் அதே முகம்."

"நீங்க ஏதாச்சும் சொன்னீங்களா?"

"நான் குழாய் கழுவிக்கிட்டு இருந்தேன்."

"இவ்வளவு வருஷம் பாத்தீங்களே, யாரு நல்ல தலைவரா வருவாங்கன்னு மொதல்லயே சொல்லிடுவீங்களா?" என்று அம்மா ஒரு முறை கேட்டாள்.

அப்பா சிரித்துவிட்டார். "நான் பந்தயம் கட்டியிருந்தா வீட்டை வித்திருப்போம். வாய் கிழியப் பேசின ஒருத்தன், இவன்தான்னு நினைச்சேன். ஜெயிச்ச மறுநாளே, ஓட்டுப் போட்ட பசங்க வந்து சொன்னதெல்லாம் எங்கேன்னு கேட்டுடுவாங்கன்னு கழிவறைல ஒளிஞ்சுக்கிட்டான்."

இந்தக் கதைகளைக் கேட்டே வளர்ந்தவளுக்கு வேறு என்ன ஆசை வரும்? மற்ற பிள்ளைகள் மருத்துவர், விமானி என்று சொல்லித் திரிந்த வயதில், அவள் மன்றத் தலைவர் ஆகப் போவதாகச் சொன்னாள். அந்த மேசையின் தலைமாட்டு ஸ்டூலில் உட்கார வேண்டும். அவளைப் பற்றி வெள்ளிக்கிழமை சாப்பாட்டில் அப்பா பேச வேண்டும். உள்ளுக்குள் இரண்டாவது ஆசைதான் பெரிது.

மேல்வகுப்புக்கு வந்ததும் மன்றத்தில் சேர்ந்தாள். பிள்ளைகளுக்கு அப்பா 'லேப் அண்ணே'. ஆகவே அவள் 'சின்ன லேப்' ஆனாள். கடைசி வருஷம், அப்பா தட்டுக் கழுவிக்கொண்டிருந்தபோது மெதுவாகக் கேட்டாள்.

"தலைவர் பதவிக்கு நிக்கட்டுமாப்பா?"

தட்டு வெளிச்சத்துக்குப் போயிற்று. "பாக்கலாம்."

சரி என்று எடுத்துக்கொண்டாள்.

எதிரே நின்றவன் குடை. வெயிலோ மழையோ கையில் குடை இல்லாமல் வரமாட்டான். பேசும்போது அதை நீட்டி நீட்டிப் பேசுவான். அந்த வருஷத்துப் பிரச்சினை பள்ளியின் பெரிய கேட். மணி அடித்ததும் காவலாளி பூட்டிவிடுவார். ஊருக்கு வெளியிலிருந்து வரும் பேருந்து பாலத்து நெரிசலில் மாட்டிக்கொண்டால், அதில் வரும் பிள்ளைகள் முதல் பாடம் முடியும்வரை ரோட்டிலேயே நிற்க வேண்டும். ஒரு நாள் காலையில் பள்ளி முழுவதும் வெளியே வந்து அவர்களோடு நிற்க வேண்டும் என்றாள் சின்ன லேப். காவலாளியிடமும் தலைமை ஆசிரியையிடமும் பேசிப் பக்கவாட்டுக் கேட்டைத் திறக்க வைக்கலாம் என்றான் குடை.

"நிக்கிறதுன்னா எவ்வளவு நேரம்?"

"திறக்கிற வரைக்கும்."

"மழை வந்தா?"

"உன் குடைக்குள்ள எல்லாரும் வந்துடுறோம்."

மேசை முழுக்கச் சிரிப்பு. குடையும் சிரித்தான், ஆனால் விடவில்லை. "இவ ஜெயிச்சா நீங்க வெளியே நிப்பீங்க. நான் ஜெயிச்சா உள்ள இருப்பீங்க. எது வேணும்னு நீங்களே முடிவு பண்ணுங்க."

"யார் கிட்டயாவது கெஞ்சித்தான் நம்ம பள்ளிக்கூடத்துக்குள்ள போகணும்னா, வெளியே நிக்கிறதே மேல்" என்றாள் அவள். அப்படிச் சொல்லும்போது கண் தானாகத் தொட்டிப் பக்கம் போயிற்று. அப்பா பியூரெட்டின் திருகைத் திருகிச் சொட்டுகிறதா என்று பார்த்துக்கொண்டிருந்தார்.

ஓட்டுச் சீட்டுகளை ஒரு பெரிய பீக்கரில் போட்டார்கள். எண்ணினார்கள். சமம். கலைத்துப்போட்டு மறுபடி எண்ணினார்கள். சமம்தான். அலமாரிக் கதவில், அமிலம் பட்டால் என்ன செய்வது என்ற அறிவிப்புக்குப் பக்கத்தில், மன்றத்தின் விதிகள் ஒட்டியிருந்தன. ஒருத்தி போய் வாசித்தாள்: "ஓட்டுகள் சமமானால், மன்றத்தைப் பார்த்துக்கொள்பவர் தம் ஓட்டை அளித்து முடிவு செய்வார்."

அந்த விதிக்கு அதுவரை வேலையே வந்ததில்லை. எல்லாத் தலைகளும் தொட்டியை நோக்கித் திரும்பின. "அண்ணே, நீங்க சொல்லுங்க" என்றான் குடை. தண்ணீர்ச் சத்தம் நின்றது. அப்பாவின் குரல் கேட்டது.

"பாக்கலாம்."

உடனே மணி அடித்தது. பிள்ளைகள் பையைத் தூக்கிக்கொண்டு கலைந்தார்கள்.

அன்று சாப்பாட்டில் கதை இல்லை. அம்மாதான் ஆரம்பித்தாள். "பெத்த பொண்ணுக்கு ஒரு ஓட்டுப் போட இவ்வளவு யோசனையா? ஊர்ல யாராச்சும் கேட்டா சிரிப்பாங்க."

"மகளுக்குப் போட்டுட்டான்னும் சொல்லுவாங்கல்ல" என்றார் அப்பா.

"சொல்லிட்டுப் போறாங்க. மகளுக்குப் போடாம மாமனாருக்கா போடுவீங்க?"

அவள் தட்டைத் தள்ளி வைத்தாள். "அப்பா, ஊரை விடுங்க. நான் உங்க பொண்ணே இல்லன்னு வச்சுக்கோங்க. ரெண்டு பேர்ல யாருக்குப் போடுவீங்க?"

அப்பா வெகுநேரம் சோற்றைப் பிசைந்துகொண்டிருந்தார். "எனக்கு உண்மையிலேயே தெரியலம்மா" என்றார்.

அந்தப் பதில்தான் அவளுக்கு உறைத்தது. பழிக்குப் பயந்தார் என்றால் மன்னித்துவிடலாம். இத்தனை வருஷம் இத்தனை பிள்ளைகளைப் பார்த்த கண்ணுக்கு, தினமும் எதிரே உட்கார்ந்து சாப்பிடும் மகள் எப்படி என்று தெரியவில்லை என்றால்? அவளுக்கு வேண்டியிருந்தது பதவி மட்டுமல்ல. அவர் தன்னை என்னவென்று நினைக்கிறார் என்பது அந்த ஒற்றை ஓட்டில் இருந்தது. மறுநாளும் கேட்டாள். அதற்கு அடுத்த நாளும். "பாக்கலாம்னேனே" என்று அவர் பிடி கொடுக்காமல் நழுவினார். தூக்கி வைத்த முகத்தோடு அவளும் வீட்டுக்குள் நடமாடினாள்.

ஓட்டு வருவதற்குள் பேருந்து வந்துவிட்டது. பாலத்தில் மறுபடி நெரிசல். வெளியே நின்ற பிள்ளைகள் கேட் கம்பிகளுக்கு நடுவே முகத்தை வைத்து, "ஏய், உங்க தலைவர் யாரு? வந்து திறக்கச் சொல்லுங்க!" என்று கத்தினார்கள். உள்ளே இந்தப் பக்கம் அவள், அந்தப் பக்கம் குடை. ஒருவரை ஒருவர் முறைத்துக்கொண்டார்கள். பிறகு ஒன்றும் பேசிக்கொள்ளாமலேயே இருவரும் தலைமை ஆசிரியையின் அறைக்கு நடந்தார்கள்.

தலைமை ஆசிரியைக்கு அன்று பல்வலி. கன்னத்தைக் கையால் பிடித்தபடி உட்கார்ந்திருந்தார்.

"ஒருத்தர் பேசுங்க. யாரு தலைவர்?"

"இன்னும் முடிவாகல மேடம்" என்றான் குடை.

"முடிவாகாமலே இப்படியா?"

என்ன ஆயிற்று என்று அவளுக்கு இன்றுவரை தெரியாது. முஷ்டியை மடக்கிக்கொண்டு போனவள் அவள். ஆனால் வாயிலிருந்து, "பெரிய கேட் வேண்டாம் மேடம், பக்கத்துக் கேட்டையாவது கொஞ்ச நேரம் திறந்து வைக்கலாமே" என்று வந்தது. பேசிப் பார்க்கலாம் என்று சொன்னவன் குடை. அவனோ குடையைத் தரையில் ஓங்கித் தட்டி, "இல்லேன்னா நாளைக்கு நாங்க எல்லாரும் வெளியே நிப்போம்" என்றான். அவள் பேச்சை அவனும் அவன் பேச்சை அவளும் பேசிக்கொண்டிருந்தார்கள். தலைமை ஆசிரியை கன்னத்திலிருந்து கையை எடுக்காமலேயே, "திறந்து தொலைங்க. சத்தம் போடாதீங்க, தலை வரைக்கும் வலிக்குது" என்றார்.

பக்கவாட்டுக் கேட் திறந்தது. அதைத் திறக்க வைத்தது மிரட்டலா, கெஞ்சலா, பல்வலியா? வராந்தாவில் இதற்கே அவர்கள் சண்டை போட்டார்கள். அப்பாவின் ஓட்டு வரவேயில்லை. அந்த வருஷம் முழுக்க அப்படித்தான் ஓடியது. தலைமாட்டு ஸ்டூல் காலியாக இருக்கும். இந்தப் பக்கம் ஒருவர், அந்தப் பக்கம் ஒருவர். குடிதண்ணீர்த் தொட்டி, நூலக நேரம், விளையாட்டு விழா, எல்லாவற்றுக்கும் முதலில் இருவரும் அடித்துக்கொள்ள வேண்டும், அப்புறம்தான் மன்றம் நகரும். எரிச்சலாக இருக்கும். ஆனால் அவள் பாதிப் பேச்சில் தடுமாறினால் குடை மீதியை முடித்துவிடுவான். அவன் எதையாவது மறந்தால் அவள் மேசைக்கடியில் அவன் காலை மிதிப்பாள். அப்பா தொட்டியருகே நின்று பார்த்துக்கொண்டிருந்தார். அவள் இருந்த வருஷத்துக் கதையை அவர் வெள்ளிக்கிழமை சாப்பாட்டில் ஒரு நாளும் சொல்லவில்லை. "அதான் நீயே அங்க இருந்தியே" என்றுவிட்டார்.

வீட்டிலேயே முதன்முதலாகக் கல்லூரிக்குப் போனவள் அவள்தான். அங்கே தலைமைப் பண்பு என்று ஒரு பாடமே இருந்தது. தலைவர்கள் எத்தனை வகை, தலைவர்களை உருவாக்குகிறவர்கள் எத்தனை வகை என்று கட்டம் போட்டுக் கொடுத்தார்கள். ஒவ்வொரு கட்டமாக அப்பாவை உட்கார வைத்துப் பார்த்தாள். எதிலும் அவர் உட்காரவில்லை. ஓட்டுப் போடாமல் விட்டதால் இரண்டு பேரை வளர்த்த கெட்டிக்காரர் என்று ஒரு நாள் தோன்றும். மறுநாள், இரண்டு பக்கமும் கெட்ட பெயர் வாங்கப் பயந்த மதில்மேல் பூனை என்று தோன்றும். மூன்றாம் நாள், பாவம், அவருக்கு நிஜமாகவே தெரியவில்லை, அவ்வளவுதான் என்று தோன்றும். படித்தால் தெளிவு வரும் என்றார்கள். அவளுக்கு என்னவோ படிக்கப் படிக்க ஒரே அப்பா மூன்று அப்பாவாகத்தான் பெருகினார்.

வேலைக்கான நேர்காணலில், "உங்க தலைமைப் பண்புக்கு ஒரு உதாரணம் சொல்லுங்க" என்றார்கள். கேட் கதையைச் சொன்னாள்.

"நல்லா இருக்கே. அப்போ நீங்கதான் தலைவர்?"

"அது இன்னும் முடிவாகல சார்."

அவர்கள் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள். "சரிம்மா, பாக்கலாம்" என்றார் நடுவில் இருந்தவர். வீட்டுக்கு வந்து இதைச் சொன்னதும், அப்பா கண்ணில் தண்ணீர் வரும்வரை சிரித்தார். வேலை கிடைத்தது. அந்தப் பதிலால் கிடைத்ததா, பதிலையும் மீறிக் கிடைத்ததா என்று கேட்கும் துணிவு அவளுக்கு வரவில்லை.

அப்பா ஓய்வுபெற்ற நாளில் பழைய மன்றத்துப் பிள்ளைகள் சிலர் ஆய்வகத்துக்கு வந்தார்கள். முணுமுணுப்பு வந்து, நீளமாக, எல்லார் காதிலும் விழும்படி ஒரு பேச்சுப் பேசினான். 'லேப் அண்ணே எங்களை ஆளாக்கினார்' என்று அவன் சொன்னபோது, யாரையோ சொல்கிறான் போலிருக்கிறது என்பதுபோல் அப்பா பின்பக்கம் திரும்பிப் பார்த்தார். குடையும் வந்திருந்தான், குடையோடுதான். தேநீர்க் கோப்பையை நீட்டிக்கொண்டே கேட்டான்.

"அண்ணே, இன்னைக்கோட நீங்க பொறுப்புலேர்ந்து போறீங்க. ஒரு ஓட்டு பாக்கி நிக்குதே?"

எல்லாரும் கைதட்டினார்கள். அவள் மட்டும் தட்டவில்லை. அப்பா தேநீரைக் குடித்து முடித்தார். காலிக் காகிதக் கோப்பையை ஜன்னலுக்கு நேராகத் தூக்கினார். எல்லாருக்கும் தெரியும் என்ன வரப்போகிறது என்று. அந்தச் சொல்லை எல்லாருமாகச் சேர்ந்து சொன்னார்கள். அப்பாவின் குரல் அதில் இருந்ததா என்பது அவளுக்குக் கேட்கவில்லை.

அடுத்த வருஷம் அப்பா இறந்துபோனார். காலையில் தம்ளர் கழுவி வைத்தவர், மாலையில் இல்லை.

சில மாதங்கள் கழித்து வேலைக்குப் போகும் வழியில், பேருந்து நிலையத்தில் அவள் குடையைப் பார்த்தாள். அவன் அங்கே நேரக் காப்பாளர். ஊருக்கு வெளியிலிருந்து வரும் அந்தப் பேருந்தையும் இப்போது அவன்தான் புறப்படச் சொல்லி அனுப்புகிறான்.

"இப்பவும் பாலத்துல மாட்டுதா?" என்று கேட்டாள்.

"மாட்டாம? தலைவர் சரியில்லன்னா அப்படித்தான்" என்றான். பிறகு குடையை இந்தக் கையிலிருந்து அந்தக் கைக்கு மாற்றிக்கொண்டான். "உங்கப்பா எனக்கு ஓட்டைத் தராமலே போயிட்டாரு."

"உனக்கா? எனக்குத்தான் தரணும்."

"அன்னைக்கு அவரு நம்மகிட்டயே பேசலப்பா. கையில குழாய் இருந்துச்சு. அதைத் தூக்கிப் பாத்துத்தான் சொன்னாரு."

"எந்தக் குழாய்? தண்ணிக் குழாயைத்தான் மூடினாரு. கை காலியா இருந்துச்சு. நம்மளப் பாத்துச் சொன்னாரு."

"நீ பாத்தியா?"

பார்த்தேன் என்று சொல்ல வாயெடுத்தாள். அப்போதுதான் உறைத்தது, தொட்டிப் பக்கம் திரும்பப் பயந்து பீக்கரில் இருந்த சீட்டுகளையே அவள் குனிந்து பார்த்துக்கொண்டிருந்தது. தண்ணீர் நின்ற சத்தமும் குரலும்தான் அவளிடம் இருந்தன. மீதியை இத்தனை வருஷத்தில் அவளே போட்டு நிரப்பியிருக்கிறாள்.

"நீ பாத்தியா?" என்று திருப்பிக் கேட்டாள்.

"ஒரு கண்ணு மூடியிருந்துச்சு. அது நல்லா ஞாபகம் இருக்கு" என்றான் குடை. கொஞ்சம் யோசித்தான். "கையில குழாய் இருந்துச்சுன்னுதான் நினைக்கிறேன்."

அவள் ஏற வேண்டிய பேருந்து வந்து நின்றது. கதவருகே போனவள் திரும்பினாள்.

"சரி, விடு. அந்த ஓட்டை உனக்குன்னே வச்சுக்கோ."

"அதெப்படி? நீ விட்டுக் கொடுத்தா செல்லாது. அவரு போடணும்."

"அவரு இனிமே எங்க போடப் போறாரு?"

"அதனாலதான் பாக்கிங்கிறேன்" என்று சொல்லிவிட்டு, குடை விசிலை எடுத்து ஊதினான்.